நாக்கில் பட்ட சூடு

எங்கள் மருத்துவமனையில் அவரைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். பிணவறை அவர் பொறுப்பு. அதன் சாவிக்கொத்து எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். சாவு என்ற சொல்லை வாயில் எடுக்கப் பிடிக்காமல் யாரோ சாவி என்று ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. நான் அங்கே ஆம்புலன்ஸ் ஓட்டினேன். நான் ஏற்றி வந்தவர்களில் பலர் முன்வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்கள். மிச்சப் பேரைப் பின்பக்கம் கொண்டுபோய் அவரிடம் ஒப்படைத்தேன். எங்கள் பழக்கம் அப்படி வந்தது.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. உறவுக்காரர்களை உள்ளே விடுவதற்கு முன்னால், இறந்தவரின் தலையை வாரிவிடுவார். வாயோரம் ஏதாவது இருந்தால் துடைப்பார். "முகத்தை மட்டும் பாருங்க, போதும்" என்று தணிந்த குரலில் சொல்வார். அழுகிறவர்களை அவசரப்படுத்த மாட்டார்.

வாடைதான் அவரைப் படுத்தியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சோறு இறங்கவில்லையாம். எவ்வளவு சோப்புப் போட்டாலும், தைலத்தை மூக்கில் தடவினாலும், வீட்டுக்குப் போய்த் தட்டின் முன் உட்கார்ந்ததும் அது வந்துவிடும். சிகரெட் பிடித்துப் பார்த்தார். பத்தவில்லை. ஒருநாள் பஸ் டிப்போவுக்கு எதிரே இருந்த புகையிலைக் கடை வாசலில் ஒரு பெரியவர் பைப்பில் புகைபிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும், அத்தனை மாதத்தில் முதல்முறையாகச் சாவிக்காரருக்குப் பசித்தது. நேராக உள்ளே போய் ஒரு பைப்பும் ஒரு டின் புகையிலையும் வாங்கிவிட்டார். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பைப் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.

சேர்த்துவைக்கும் பைத்தியம் பிறகு பிடித்தது. புகையிலையையும் பழுக்கவைக்கலாம் என்று கடைக்காரர் ஒருநாள் சொல்லிவிட்டார். எல்லாம் பழுக்காது. வாசனை கலந்த வகைகளை வைத்திருந்தால் சென்ட் பறந்த கைக்குட்டை மாதிரி ஆகிவிடும். விறகுப்புகை வாசம் வீசும் கறுப்பு இலை, வருஷம் ஆக ஆக காரம் தணிந்து சாதுவாகிவிடும். அதைச் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. பழுக்கவைக்கவே பிறந்தது வர்ஜீனியா இலைதான். அதில் சர்க்கரை அதிகம். அழுத்தி வில்லைகளாக வெட்டியதை வாங்கிக் கண்ணாடி ஜாடியில் இறுக்கி மூடி, இருட்டில் வைத்து, திறக்காமல் விட்டுவிட வேண்டும். புதிதில் நாக்கைச் சுடும் அதே இலை, பல வருஷம் கழித்து உலர்ந்த திராட்சை மாதிரி மணக்கும். புகை பஞ்சு மாதிரி இறங்கும். டின்னிலேயே வைத்தால் துருப்பிடித்துக் காற்று புகுந்துவிடும் என்பதால் ஜாடிதான் நல்லது.

அவர் வீட்டின் பின்னறை கொஞ்சம் கொஞ்சமாக ஜாடிகளால் நிறைந்தது. கட்டிலுக்கடியில், பரணில், அலமாரியின் கீழ்த்தட்டில். ஒவ்வொன்றிலும் இலையின் பேரும் வருஷமும் எழுதிய சீட்டு.

அவர் மனைவி வீட்டில் தையல் வேலை செய்தார். மருத்துவமனைக்குப் படுக்கை விரிப்புகளும் நர்ஸுகளுக்குச் சீருடையும் தைப்பார். மிஷினை மிதித்தபடியே பேசுவார், நிறுத்த மாட்டார். ஒருநாள் நான் போயிருந்தபோது, கணவர் ஜாடி மூடுவதைப் பார்த்துச் சொன்னார்:

"நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்தவங்களைத்தான் தினமும் உள்ள தள்ளிப் பூட்டறீங்க. வீட்டுக்கு வந்து இருபது வருஷம் கழிச்சுப் பிடிக்கறதுக்கு மூடி வைக்கறீங்க. என்ன கணக்குங்க இது?"

"அங்க பூட்டறதாலதான் இங்க மூடத் தோணுது," என்றார் சாவிக்காரர்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அப்போதெல்லாம் சிரிப்பு இருந்தது.

முக்கால்வாசிச் சிரிப்புக்கு அந்த அம்மாவின் தம்பிதான் காரணம். பஸ் கண்டக்டர். எதற்கெடுத்தாலும் "ரைட்டு" என்பான். சாப்பாடு போதுமா என்றால் ரைட்டு, மழை வருமா என்றால் ரைட்டு. பேரும் ரைட்டு என்றே ஆகிவிட்டது. டிப்போவிலேயே பெரிய குரல் அவனுடையது. பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிறவனை முன்படியில் நின்றபடி எழுப்பிவிடுவான். சின்ன வயதிலேயே தாயை இழந்தவன்; அக்காதான் ஊட்டி வளர்த்தது. அந்த அம்மாவுக்குப் பிள்ளை இல்லை. தம்பியே பிள்ளை. கல்யாணம் கட்டி, அது சரிப்படாமல் பெண்டாட்டி போனதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டான். பின்னறையில்தான் இடம்.

"மாமா, இது என்ன ஊறுகாய்க் கிடங்கா? நான் எங்க படுக்கறது?"

"ஜாடியை ஆட்டாம எங்க வேணா படு."

"நான் குறட்டை விட்டா ஆடுமே!"

ஒரே மாதத்தில் அவனும் பைப் பிடிக்கக் கற்றுக்கொண்டான். சாவிக்காரரின் வேலையைக் கேட்டதுமே மனிதர்கள் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொள்வார்கள். கைகுலுக்கத் தயங்குவார்கள். கல்யாண வீடுகளில் அவருக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. ரைட்டுதான் அவர் தோளில் கைபோட்டுப் பேசிய ஒரே ஆள். விடுமுறை நாட்களில் இருவரும் சேர்ந்து இலை வாங்கி, ஜாடிகளை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, அடைத்து, சீட்டு ஒட்டுவார்கள். எதை எப்போது திறப்பது என்று வாக்குவாதம் வேறு. மாமா ஓய்வு பெறும் நாளுக்கு இது, எனக்கு இன்னொரு கல்யாணம் நடந்தால் அது என்பான் ரைட்டு. "அப்ப அது என்னைக்கும் திறக்காது, நல்லாப் பழுக்கும்," என்பார் அக்கா.

ஒருநாள் ரைட்டு, நாக்கின் ஓரத்தில் எரிகிறது என்றான்.

பைப் பிடிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. புது இலையை வேகமாக இழுத்தால் நாக்கு பொசுங்கும். சாவிக்காரர் அவனை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஓரத்தில் சிவப்பாக, நடுவில் வெளுப்பாக, சிறியதாக ஒரு புண்.

"சூடு பட்டிருக்கு. நீ டிக்கெட் கிழிக்கற வேகத்துல இழுக்கறே. பழைய ஜாடியிலிருந்து தரேன். அது நாக்கைச் சுடாது."

அப்படியே, தொடாமல் வைத்திருந்த ஒரு ஜாடியைத் திறந்து அவனுக்குக் கொடுத்தார். அன்பாகத்தான் கொடுத்தார். பழைய இலை இதமாக இறங்கியது. எரிச்சல் தெரியவில்லை. புண் அங்கேயே இருந்தது. நடுவில் ஒருமுறை ரைட்டு மறுபடி சொன்னபோது, "அதுக்குள்ள ஆறிடுமா? மெதுவா இழு," என்றார். அதற்குப் பிறகு ரைட்டு சொல்வதை நிறுத்திவிட்டான். கன்னத்தின் ஒரு பக்கமே சாப்பாட்டை ஒதுக்கி மெல்லப் பழகிக்கொண்டான்.

அதைக் கண்டுபிடித்தது அக்காதான். ஊட்டி வளர்த்தவளுக்குத் தெரியாதா? கையைப் பிடித்து இழுக்காத குறையாக மருத்துவமனைக்குக் கூட்டிவந்தார். சாவிக்காரரும் பிணவறையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். டாக்டர் சின்னப் பெண். கையுறை போட்டு நாக்கைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், முகம் மாறியது.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"ரொம்ப நாளா இருக்குங்க. மாமா பாத்துட்டு, சூடு பட்டதுதான்னு சொன்னாரு. பழைய புகையிலைக்கு மாத்தினோம், எரிச்சல் குறைஞ்சிடுச்சு."

அவன் குற்றம் சொல்லவில்லை. மாமாவின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். டாக்டர் நிமிர்ந்து சாவிக்காரரைப் பார்த்தார். அக்கா பார்க்கவில்லை. தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். இது சாவிக்காரரே என்னிடம் சொன்னது. "அவ என்னைப் பாத்திருந்தாக்கூடத் தேவலை தம்பி," என்றார்.

வீட்டுக்குப் போனதும், மிஷின் முன்னால் உட்காராமல், நின்றபடியே அந்த அம்மா கேட்டாராம்:

"தினம் எத்தனை பேர் வாயை மூடி விடறீங்க? இதைப் பாத்ததில்லையா?"

"பாத்திருக்கேன்."

"அப்புறம்?"

"முத்தினதைத்தான் பாத்திருக்கேன். ஆரம்பத்துல எப்படி இருக்கும்னு தெரியல."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமே," என்றார் அந்த அம்மா.

புற்றுநோய்தான். நாக்கை எடுத்துவிட்டார்கள். கழுத்திலும் வெட்டி, மூச்சுக்குத் துளை வைத்தார்கள். டிப்போ நடுங்கப் பேசியவன் ஊமையானான். தொண்டையில் ஏதோ சத்தம் வரும், சொல்லாகாது. கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டிப் பேசப் பழகினான். பஸ் மணிக் கணக்குதான்: ஒரு தட்டுத் தட்டினால் நில், வேண்டாம். இரண்டு தட்டினால் சரி, போகலாம். முதல் நாள் அக்கா கஞ்சியைக் குழாயில் ஊற்றிவிட்டுப் போதுமா என்று கேட்டபோது, வேண்டுமென்றே தடதடவென்று தட்டினானாம். கண்டக்டர்கள் பாஷையில், பஸ்ஸில் இடமில்லை, நிற்காமல் போ என்று அர்த்தம். அந்த நிலைமையிலும் அவனுக்குக் கேலி போகவில்லை. அக்கா சிரித்துவிட்டு, சமையலறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறார்.

சாவிக்காரர் பைப்பை விட்டுவிட்டார். யாரும் சொல்லவில்லை, அவராகவே. அந்தப் பழைய வாடை திரும்பி வந்தது. திரும்பத் திரும்பக் குளித்தார். இளைத்தார். நான் ஒருமுறை வற்புறுத்திச் சாப்பிடக் கூட்டிப்போனேன். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சில மாதம் கழித்து, கழுத்தில் மறுபடி கட்டி வந்தது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நாட்களில் ஒரு மத்தியானம், பின்னறையில் படுத்திருந்த ரைட்டு, அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினான். சாவிக்காரர் புரியாத மாதிரி இருந்தார். அவன் மறுபடி காட்டி, இரண்டு தட்டுத் தட்டினான். அவர் ஒரு ஜாடியை எடுத்தார். ஒரு தட்டு. இன்னொன்றை எடுத்தார். இரண்டு தட்டு. மூடியைத் திருகியதும் உள்ளே அடைந்திருந்த காற்று உஸ்ஸென்று வெளியேறி, அறையெல்லாம் மணந்தது. கழுத்துத் துளையால் மூச்சுவிடுகிறவனுக்கு மூக்கில் வாசம் ஏறுவது கடினம். அவன் ஜாடியை முகத்தோடு சேர்த்துப் பிடித்து, கன்னத்தை உப்பி உப்பி இழுத்துப் பார்த்தான். கொஞ்சம் தெரிந்திருக்கும் போல. கண்ணை மூடிக்கொண்டான்.

அக்கா கதவருகே நின்றிருந்தார்.

"அவனா கேட்டான்?"

சாவிக்காரர் பதில் சொல்வதற்குள் கம்பியில் இரண்டு தட்டு விழுந்தது. அந்த அம்மா திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

ரைட்டு எங்கள் மருத்துவமனையில்தான் செத்தான், ஒரு பகல் பொழுதில். வார்டிலிருந்து பின்கட்டிடம் வரைக்கும் நானும் ஒரு வார்டு பையனும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனோம். இன்றைக்கு ஒருநாள் நீங்கள் வேண்டாம், வேறு யாரையாவது போடுகிறோம் என்று மேலதிகாரியே வந்து சொன்னார். சாவிக்காரர் கேட்கவில்லை. கதவைத் திறந்தார். மைத்துனன் தலையை வாரினார். ரைட்டு வகிடு எடுப்பது எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். கழுத்துக் கட்டைப் பிரித்துப் புதுத்துணி சுற்றினார். பிறகு வெளியே வந்து, மனைவியிடம் மற்ற எல்லாரிடமும் சொல்கிற அதே வார்த்தையைச் சொன்னார்: "முகத்தை மட்டும் பாரு, போதும்."

"நான் எல்லாத்தையும் பாத்தவதான்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போனார்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, ஒரு ஆள் வீடு தேடி வந்தான். நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. பழைய புகையிலை சேர்க்கிறவனாம். இத்தனை பழைய வர்ஜீனியா இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காது, மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன், நீங்களே விலை சொல்லுங்கள் என்றான். சாவிக்காரர் அவனை வாசலோடு அனுப்பிவிட்டார்.

"ஏன் குடுக்கல?" என்று மனைவி கேட்டார்.

"இன்னொருத்தன் நாக்குல போய் வைக்கச் சொல்றியா?"

"அவன் ஏற்கெனவே பிடிக்கறவன். இங்க இல்லன்னா வேற எடத்துல வாங்குவான். அவனுக்காகப் பாக்கற மாதிரி பேசாதீங்க. உங்களுக்கு அதை விட மனசில்ல. அது இன்னும் பழுத்துட்டு இருக்குதேன்னு நெனைக்கறீங்க."

அது உண்மை என்று என்னிடம் ஒப்புக்கொண்டார். ஆள் கதவைத் தட்டியபோதுகூட, எந்த ஜாடிக்கு எத்தனை வயசு ஆகிறது என்றுதான் மனசு ஓடிக்கொண்டிருந்ததாம். "தம்பி, எனக்கே அருவருப்பா இருந்துச்சு," என்றார்.

மறுநாள் காலையில் என் மாமனாரின் பழைய வேனை இரவல் வாங்கி, இருவருமாக ஜாடிகளை ஏற்றினோம். ஊர்க் குப்பை கொட்டும் பள்ளத்துக்கு ஓட்டிப்போனேன். அவர் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து கவிழ்த்தார். அவசரமில்லை, கோபமில்லை, வேலையைச் செய்கிற மாதிரி. அழுகல் நாற்றம் மண்டிக் கிடந்த அந்த இடத்தில் பழமும் தேனும் கலந்த மாதிரி ஒரு வாசம் எழுந்தது. குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். எங்கே ரொட்டி சுடுகிறார்கள் என்று கேட்டாள் ஒருத்தி.

ஒரு ஜாடியில் இலைமேல் பொடிப்பொடியாக வெள்ளை பூத்திருந்தது.

"இது பூசணம் பிடிச்சிருச்சு, வீணாப்போச்சு," என்றான் ஒருவன்.

"பூசணம் இல்லப்பா. நல்லாப் பழுத்தா இப்படிப் பூக்கும். இருக்கறதுலயே இதுதான் உசத்தி," என்று சொல்லி, சாவிக்காரர் அதையும் கவிழ்த்துக் காலால் சேற்றில் மிதித்தார். இலை கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. காலி ஜாடிகளை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் மனைவி, "எல்லாமா?" என்று கேட்டார்.

"எல்லாம்."

"மனசு ஆறிடுச்சுன்னு சொல்வேன்னு எதிர்பாக்காதீங்க. சொன்னா அது பொய்."

"எதிர்பாக்கல."

அதன்பின் அந்த வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. சோறு போட்டாச்சு, தண்ணி வந்துடுச்சு, நூல் தீந்துடுச்சு. சாவிக்காரர் பின்னறைக் கட்டிலிலேயே படுத்தார். சலவைக்கூடத்துக்கு மாற்றல் கேட்டுப் பார்த்தார். சாவியை வாங்கிக்கொள்ள வேறு ஆள் கிடைக்கவில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

பிறகு ஒரு காரியம் ஆரம்பித்தார். வார விடுமுறையன்று ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு பஸ் டிப்போவுக்குப் போவார். ஓய்வறையில் புகைத்துக்கொண்டும் மென்றுகொண்டும் இருக்கிற டிரைவர் கண்டக்டர்களிடம், "வாயைத் திறங்க, பாக்கணும்," என்பார். முதல்நாள் அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். பிணவறைக்காரர் வந்து வாயைத் திற என்றால் யார் திறப்பார்கள்?

"என்ன சாவி, உள்ள எடம் நெறைய காலியா இருக்கா? ஆள் புடிக்க வந்துட்டீங்க?"

"நிறைய இருக்கு. அவசரப்படாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

கெட்ட சகுனம் என்று திட்டினவர்கள் உண்டு. ஒருவன் டார்ச்சைப் பிடுங்கி எறிந்தான். அவர் எடுத்துத் துடைத்துக்கொண்டு அடுத்த வாரமும் போனார். புண்ணைப் பார்த்தால் இது இன்னது என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். "எனக்குத் தெரியல. டாக்டர்கிட்ட காட்டுங்க," என்பார். கூடவே வந்து வரிசையில் நிற்பார். ரைட்டுவோடு ஒரே பஸ்ஸில் ஓடிய டிரைவர் ஒருவர் மட்டும், நச்சரிப்புத் தாங்காமல் போய்க் காட்டினார். அவருக்கும் அதே நோய் இருந்தது. சின்னதாக இருந்ததால் நாக்கோரம் கொஞ்சம் வெட்டியதோடு முடிந்தது.

ஓய்வு பெறும் வருஷம் அவருக்கு மூச்சிரைப்பும் வந்துவிட்டது. அத்தனை காலம் இழுத்த புகை சும்மா விடுமா? மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று நின்றுதான் ஏறுவார். டிப்போ வரைக்கும் நடக்க முடியாமல் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டிரைவர் மனைவி மகளோடு வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். கதவைத் திறந்தது சாவிக்காரரின் மனைவிதான். டிரைவர் உட்கார்ந்து, ரைட்டு கதைகளாகச் சொன்னார். நாக்கு லேசாகக் குழறினாலும் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அந்த அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் போனபின் தண்ணீர் குடித்த டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"அவருக்குப் பேச்சு நல்லாத்தான் வருது."

"ம்," என்றார் சாவிக்காரர்.

"என் தம்பிக்கும் வந்திருக்கும்."

"வந்திருக்கும்."

அந்த அம்மா டம்ளர்களை உள்ளே கொண்டுபோய்க் கழுவினார். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கூப்பிடாமலே அந்த அம்மா வந்து, அவர் முதுகைத் தடவிவிட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.